மலர்கொடி கேட்ட ஓட்டு

"இனிமேல் இந்த வூட்டுல ஜனநாயகம்தான்!" என்று சாமிதுரை சார் அறிவித்தபோது, அவர் மனைவி மலர்கொடி ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா என்னங்க நடந்துச்சு?"

"உன் ஆட்சி."

சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. ஒரே ஒரு சாமான்தான் வாங்கலாம். மலர்கொடிக்குக் கிரைண்டர் வேண்டும். மாவாட்டி மாவாட்டி அவளுக்குத் தோள்பட்டை கழன்று வந்துவிடும் போலிருந்தது. சாருக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். அரியலூரில் ஒரு கடைக்காரர் பழசு ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தார். போன வருஷம், இரண்டாயிரத்து ஐந்தில், பள்ளிக்கூடத்தில் நடந்த பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து சார் பழைய மனிதராக இல்லை. தன் பெயரில் ஒரு வெப்சைட் தொடங்கியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், அதில் பாடம் போட, பெரம்பலூர் பிரவுசிங் சென்டருக்கு பஸ் பிடித்து ஓடிக்கொண்டிருந்தார்.

"எட்டாம் வகுப்புக்குத் தேர்தல் பாடம் நடத்துறேன். என் வெப்சைட்டுல 'சார் வீட்டுக்கு எது தேவை, கம்ப்யூட்டரா, கிரைண்டரா?'ன்னு கேள்வி போடப்போறேன். பிள்ளைங்க ஓட்டுப் போடுவாங்க. அங்கேயே முடிவு தெரிஞ்சுடும். ஹெட்மாஸ்டரே வந்து பாக்கப்போறாரு."

"எது ஜெயிக்குதோ அதை வாங்கிடுவீங்களா?"

"சத்தியமா!"

"எந்த சாமி மேல?"

"சிறுவாச்சூர் மதுரகாளி மேல!"

மலர்கொடி கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். "அப்ப சரிங்க. அவ பாத்துக்குவா."

சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் உசிரை விடும் பிள்ளைகளிடம் போய்க் கேள்வி கேட்டால் வேறு என்ன பதில் வரும்? இருந்தாலும் வேட்பாளர் சும்மா இருக்கலாமா? "ஜெயிச்சா சார் வூட்டுக்கு வந்து கேம் ஆடலாம்" என்று வகுப்பில் ஓர் இலவசத்தையும் அறிவித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை மலர்கொடி சிறுவாச்சூருக்குப் போய் வந்தாள்.

"கிரைண்டருக்கு வேண்டுதலா? காளிக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா புள்ள?"

"தெரியாதுங்க. யாருக்கும் மனசு நோகாம முடியணும்னு கேட்டுக்கிட்டேன்" என்று அவர் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டாள்.

அன்று சாயந்திரம் சார் ஓட்டுப் பக்கத்தைத் தயார் செய்ய பெரம்பலூருக்குப் போய்விட்டார். சாரிடம் டியூஷனுக்கு வீடு தேடி வந்த அவர் வகுப்புப் பிள்ளைகளுக்கு மலர்கொடி வழக்கம்போல் சுண்டல் கொடுத்து, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அறையில் கூட்டம். ஹெட்மாஸ்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாதிரிக்கு முதல் ஓட்டைச் சாரே போட்டார். நீலக் கோடு லேசாகத் தலை நீட்டியது. கம்ப்யூட்டர் முன்னிலை!

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அமுக்கினார்கள். சிவப்புக் கோடு வளர்ந்தது. இன்னும் வளர்ந்தது. திரையைத் தாண்டிச் சுவரில் ஏறிவிடுமோ என்று சாருக்குப் பயம் வந்துவிட்டது. நீலக் கோடு மட்டும் பிறந்த இடத்திலேயே கிடந்தது.

"எல்லாரும் தப்பா அமுக்கிட்டீங்க! சிவப்பு கிரைண்டர்! நீலம்தான் கம்ப்யூட்டர்!"

"தெரியும் சார்!" என்றது வகுப்பு மொத்தமும்.

"மறுபடியும் போடலாம்..."

"சாமிதுரை சார்," ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று கை தட்டினார், "தோல்வியை ஏத்துக்கிறதும் பாடத்துல இருக்குல்ல? பிரமாதம்! கிரைண்டர் வாங்கினதும் வகுப்புல சொல்லுங்க."

எல்லாரும் போனபின், டியூஷனுக்கு வரும் பிரவீணாவைச் சார் நிறுத்தினார்.

"உண்மையைச் சொல்லு. எங்க வூட்டு அம்மா கிரைண்டருக்குப் போடச் சொன்னாங்களா?"

"ஐயோ, இல்ல சார்! கம்ப்யூட்டருக்குத்தான் போடச் சொன்னாங்க."

"என்ன?"

"ஆமா சார். 'கம்ப்யூட்டர் வந்துட்டா சார் பெரம்பலூருக்கு அலைய வேணாம். வூட்லயே உக்காந்து தெனமும் வெப்சைட்டுல வீட்டுப்பாடம் போடுவாரு. ஞாயித்துக்கெழமையும் போடுவாரு. தீபாவளி, பொங்கல் லீவுக்குக்கூட உங்களுக்குப் பாடம் நிக்காது. அதனால மறக்காம கம்ப்யூட்டருக்கே போடுங்க கண்ணுங்களா'ன்னு ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க சார். நாங்க போய் மத்த பசங்களுக்கும் சொல்லிட்டோம்."

சார் வீட்டுக்கு வந்தார். மலர்கொடி தண்ணீர்ச் சொம்போடு வாசலிலேயே நின்றாள்.

"ஜெயிச்சிட்டீங்களா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் முகமும் வாடிவிட்டது.

"அடக் கடவுளே! எனக்குன்னு யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலையேங்க. உங்களுக்குத்தானே அவ்வளவு கெஞ்சிக் கேட்டேன்!"

சாமிதுரை சார் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அவளுக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.