இடுப்பு உயரப் பரீட்சை

கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வையாளர் அவர். எல்லாரும் அட்டைப்பெட்டியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கட்டி முடித்த பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து தொப்பென்று போடுவார். உள்ளே சாமான் உடையவில்லை என்றால் பாஸ். உடைந்தால் கட்டினவன் தொலைந்தான்.

வெயில் காலம் வந்தால் தொழிற்சாலைக்காரர்கள் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் பிக்னிக் போவார்கள். அவரவர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வர வேண்டும். போன வருஷம் இவர் வீட்டு டப்பாவைத் திறந்து ஒரு கை பார்த்த மேனேஜர், "வீட்டம்மா கைக்குத் தங்கக் காப்பே போடலாம்" என்றார். அந்த டப்பாவைத் தோள் கழலச் சுமந்து வந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அட்டைப்பெட்டியாருக்கு வயிறு எரிந்தது. இந்த வருஷம் மேனேஜர் வாயால் வரும் சபாஷ் தனக்குத்தான் என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

பிக்னிக்குக்கு முதல் நாள் காலை, வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று வீட்டம்மாவிடம் அறிவித்தார்.

"இந்தா பாரு. இந்தத் தடவை எதைக் கட்டிக்கிட்டுப் போறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"தாராளமாப் பண்ணுங்க. சமையல்?"

"அது உன் வேலை. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் செஞ்சு கொண்டா. இடுப்பு உயரத்துல இருந்து போட்டுப் பார்ப்பேன். தப்பிச்சா மொட்டை மாடி வெயில்ல வச்சுப் பார்ப்பேன். ரெண்டுலயும் தேறினாத்தான் வாசப்படி தாண்டும். தேறாதது வீட்டுலயே கிடக்கும்."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்! யார் சிபாரிசும் செல்லாது."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் பேக்கிங்காரன். ஒட்டினா ஒட்டினதுதான்."

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு வீட்டம்மா சமையலறைக்குள் போனார். முதலில் வந்தது கிரீம் கேக். தொப்! பெட்டியைத் திறந்தால் கேக், மூடியில் பாதியும் அடியில் பாதியுமாக அப்பிக் கிடந்தது.

"ரிஜெக்ட்!"

"ஐயோ பாவம். குடுங்க, ஓரமா வைக்கிறேன்."

அடுத்தது உருளைக்கிழங்கு கட்லெட். தொப்! பொலபொலவென்று உதிர்ந்தது. சத்தம் கேட்டு அடுத்த வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்தார்.

"என்னக்கா, யாராச்சும் விழுந்துட்டாங்களா?"

"கட்லெட் விழுந்துச்சு. ஒரு தட்டு எடுத்துட்டு வந்து உட்காரு."

அதன் பிறகு ஒவ்வொரு தொப்புக்கும் சமையலறையிலிருந்து இரண்டு குரல்கள் "அச்சச்சோ!" என்றன. இரண்டு வாயிலும் எதுவோ இருந்தது. சாண்ட்விச்சிலிருந்து தக்காளி தெறித்து அட்டைப்பெட்டியாரின் சட்டையில் உட்கார்ந்தது. நல்ல மூடி போட்ட கிண்ணத்தில் வந்த புட்டிங், விழுந்தும் சிந்தாமல் தப்பித்தது. ஆனால் மாடி வெயிலில் கரைந்து கஞ்சியாகி, கடைசியில் ஃப்ரிட்ஜில் போய்ப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் தேறியவர்கள் மூன்றே பேர். பச்சை கேரட், வறுத்த வேர்க்கடலை, ரஸ்க். ரஸ்க் விழுந்த இடத்தில் தரைதான் லேசாகப் பெயர்ந்திருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் வீட்டம்மா. "உங்க மேனேஜருக்குப் பல்செட்டாச்சே."

அட்டைப்பெட்டியாருக்குத் திக்கென்றது. இருந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே.

"அது பல்லோட குறை. பேக்கிங்ல ஒரு குறை சொல்ல முடியுமா?"

மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டம்மா மின்விசிறிக்கு அடியில் சோபாவில் சாய்ந்திருந்தார். மடியில் அந்தப் புட்டிங் கிண்ணம். ஃப்ரிட்ஜில் இருந்ததில் மறுபடி கெட்டியாகிப் பளபளத்தது. பக்கத்தில் தையல்காரம்மா, ஸ்பூனும் கையுமாக.

"என்ன, இன்னும் கிளம்பலையா?"

"நான் எப்படிங்க வர்றது? நேத்து மாடியில உங்க புட்டிங்குக்குக் காக்கா காவல் நின்னதுலயே எனக்குத் தலை கிர்ருன்னு சுத்திடுச்சு. வெயில்ல ஃபெயில். இடுப்பு உயரத்துல இருந்து விழுந்தா ஒரு எலும்பு மிஞ்சாது. அதுலயும் ஃபெயில். தேறாதது எதுவா இருந்தாலும் வீட்டுலயே கிடக்கணும்னு சட்டம் போட்டது யாரு?"

"அது சாப்பாட்டுக்குடி!"

"எதுவா இருந்தாலும்னு நீங்கதான் சொன்னீங்க. சுவர் வழியா எனக்கே கேட்டுச்சு" என்றார் தையல்காரம்மா.

அட்டைப்பெட்டியார் இறங்கி வந்தார். பல்செட்டு மேனேஜர் கேரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தன்னையே பார்க்கிற காட்சி கண் முன்னால் வந்து நின்றது.

"சரி, அந்தப் புட்டிங்கையாவது குடு. மேனேஜருக்கு மட்டும்."

"ரிஜெக்ட் ஆன சரக்கை வெளிய அனுப்பினா உங்க பேரு என்னத்துக்கு ஆகும்? நான் விடமாட்டேன்."

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப நான் மட்டும் பாஸாக்கும்? என்னை யாரு தூக்கிப் போட்டுப் பார்த்தது?"

வீட்டம்மா ஸ்பூனை வாயிலிருந்து எடுத்தார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் வேற என்னங்க பண்ணிக்கிட்டிருக்கேன்? ஒரு கீறல் விழுந்திருக்கா பாருங்க!"