ஆளுநர் மாமாவுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் சம்பந்தமாக

மாண்புமிகு ஆளுநர் மாமா அவர்களுக்கு, உங்கள் கதவுக்கீல் தொழிற்சாலையின் தொழிலாளர் சங்கச் செயலாளரும் உங்கள் அக்கா மகனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது:

நீங்கள் ஓடிப்போய்விட்டீர்கள். ஏழு வருடமாகத் "திங்கட்கிழமை, திங்கட்கிழமை" என்று சொல்லி, பாலிஷ் பிரிவுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டித்தரக் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய திங்கட்கிழமை வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஆளுநராகிவிட்டீர்கள். ஒரு ஃபேனுக்குப் பயந்து மாநிலத்தையே ஆளப் போன முதலாளியை எங்கள் சங்கம் இதுவரை கண்டதில்லை.

இங்கே அத்தை நலம், அம்மா நலம். பாலிஷ் பிரிவில் பதினாறு பேர் இருமுகிறார்கள்.

பதவியேற்பை கேன்டீன் டிவியில் எல்லாருமாகப் பார்த்தோம். சைக்கிள் கேரியரில் கீல் மூட்டையைக் கட்டிக்கொண்டு, வீடு கட்டுகிற இடமெல்லாம் அலைந்தவர், தகடு வெட்டும் ஒரே ஒரு கை பிரஸ்ஸில் தொடங்கி நூற்று நாற்பது பேருக்கு வேலை கொடுத்தவர், கோட்டுப் போட்டு நடந்து வருகிறார் என்று எனக்கே தொண்டை அடைத்தது. அது பாலிஷ் தூசியாகவும் இருக்கலாம். ஆனா நீங்க என்ன பண்ணீங்க? நீதிபதி நிக்கிறார், மந்திரிங்க நிக்கிறாங்க, நீங்க வாசல்லயே நின்னு கதவை ரெண்டு தடவை ஆட்டிப் பாத்துட்டுக் கீல்ல காதை வச்சுக் கேக்குறீங்க. பிரஸ் ஓட்டுற அண்ணன், "நம்ம சரக்கு இல்லடா, அவர் மூஞ்சியப் பாரு"ன்னார். கேன்டீனே சிரிச்சுது. பாலிஷ்காரங்க மட்டும் சிரிச்சதுக்கப்புறம் பத்து நிமிஷம் இருமினாங்க. அந்த மண்டபத்துல பதினெட்டு ஜன்னல் மாமா, எண்ணிப் பாத்தேன். பாலிஷ் பிரிவுல இருந்ததே ஒண்ணு, அதையும் ஸ்டோர் ரூம் கட்டுறேன்னு நீங்க அடைச்சீங்க.

உங்க ஆளுநர் மாளிகைக்கு மனு போட்டேன். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியாச்சுன்னு பதில் வந்துது. துறை அதைத் "தொழிற்சாலை மேலாளரின் கனிவான கவனத்துக்கு"ன்னு இங்கயே திருப்பிடுச்சு. மேலாளரும் நீங்கதான. இப்ப அந்த நாற்காலியில அத்தை மறந்துட்டுப் போன குடை இருக்கு. மனு குடைக்குக் கீழ கிடக்குது. முன்னல்லாம் பேச்சுவார்த்தையில மேசையத் தட்டிக் கத்துவீங்க, வெளிய வந்ததும் "சாப்டியா மாப்ளே?"ம்பீங்க. குடைகிட்ட நான் எப்படிச் சண்டை போடுறது?

பதவியும் உடம்பும் நல்லா இருக்கட்டும். மாத்திரையை மறக்காதீங்க. அந்தக் கதவுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கோபம் குறையாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போற நேரத்துல அத்தை சாவிக்கொத்தும் ஒரு கவருமா வந்தாங்க. "கிளம்பும்போதே குடுத்துட்டுப் போனார்டா. 'கோவமா ஒரு கடுதாசி எழுதுவான், எழுதி முடிக்கட்டும், அப்புறமா குடு'ன்னார்." கவரைப் பிரிச்சா, நீங்க கையெழுத்துப் போட்ட நியமன உத்தரவு. இன்னையிலேர்ந்து மேலாளர் நான்தானாம். குடையை எடுத்து ஓரமா வச்சுட்டு உக்காந்து பாத்தேன். அதுக்குள்ள பாலிஷ் பிரிவு அண்ணன் வந்து நிக்கிறார். நேத்து வரைக்கும் தம்பின்னு கூப்பிட்டவர். எனக்கு நாக்கு நுனியில "திங்கட்கிழமை" வந்து நிக்குது மாமா. வாயத் திறக்கப் பயமா இருக்கு. அவர் இருமி முடிச்சுட்டுக் கேக்குறார்:

"சார், ஃபேன் எப்ப மாட்டுவீங்க?"