கழுகுப்பாறையில் பாம்பு

ஒரே ஒரு நாளாவது தன்னை ஏவாத உயிர்களோடு இருந்துவிட்டு வருவதென்று ஆதம்பாவா முடிவுகட்டினார். கழுகும் கத்தும்தான். ஆனால் பேரைச் சொல்லிக் கத்தாது.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. போர்நிறுத்தத்தில் சண்டை ஓய்ந்து கடலுக்குப் போகலாம் என்றிருந்த கொஞ்ச மாதம். கழுகுப்பாறைத் தீவுக்குப் போக பாண்டிருப்பு நல்லரெத்தினத்தின் மீன்பிடி வள்ளத்தை வாடகைக்குப் பேசிவிட்டார். ஆளில்லாத கரடுமுரடுக் கற்பாறை, உச்சியில் கடற்கழுகுக் கூடு, அடியில் ஆமை. நினைக்கவே நெஞ்சு இனித்தது. கல்முனையில் அவர் இருப்பதோ மனைவி சுல்பிகாவின் சீதன வீடு. கூடவே மாமி சல்மா உம்மா, பிள்ளைகள். அவர்களும் வந்தால் தீவும் வீடாகிவிடும். ஆகவே புளுகை அவிழ்த்துவிட்டார்.

"பொல்லாத இடம்கா. ஏறினா வழுக்கும். குடிக்கத் தண்ணியில்ல. கல்லுக்குக் கல்லு பாம்பு."

"அல்லாஹ்வே, பாம்பா?"

"என்ட கை தண்டிக்கு."

சுல்பிகாவின் முகம் வாடியது. ஆதம்பாவாவுக்கு உச்சி குளிர்ந்தது.

சனிக்கிழமை விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்தவர் திகைத்துப்போனார். வாசலில் சோற்றுப் பார்சல்கள். பக்கத்தில் குடையோடு மாமி.

"இதென்ன புள்ள?"

"நீங்க வரல்ல எண்டு நல்லரெத்தினத்தாருக்கு நேத்தே சொல்லியாச்சி. உங்கட முழங்காலுக்கு ஏத்தம் இறக்கம் கூடா எண்டு டொக்டர் சொன்னவர்தானே. வழுக்கினா ஆரு தூக்குற?"

"அப்ப வள்ளம்?"

"பேசின வள்ளத்த வீணாக்க ஏலுமா? நானும் உம்மாவும் தங்கச்சியும் போறம்."

ஆதம்பாவாவுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது.

"பாம்பு கெடக்குகா."

"மெய்யா கெடக்கா?"

கிடக்கு என்றால் அவரும் போக ஏலாது. இல்லை என்றால் இவர்களைத் தடுக்க ஏலாது.

"கெடக்கு. ஆனா கொஞ்சம்."

"கொஞ்சமெண்டா உம்மா பாத்துக்குவா."

மாமி குடையை ஒருமுறை தரையில் தட்டினார். அந்தப் பாம்புகளை நினைத்து ஆதம்பாவாவுக்கே பாவமாகப் போய்விட்டது.

பகல் முழுக்க அவர் பிள்ளைகளோடும் சோற்றுப் பானையோடும் மல்லுக்கட்டினார். பொழுது சாய, மஃரிபுக்கு முன் பெண்கள் வெயிலில் கறுத்து, சிரித்தபடி வந்திறங்கினார்கள்.

"சுபஹானல்லாஹ், தாய்க்கழுகு குஞ்சுக்கு மீன் ஊட்டினத நீங்க பாத்திருக்கணும். ஆமையெண்டா உம்மாக்குக் கிட்டவே வந்திச்சி."

வயிறு எரிந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"பாம்பு?"

"ஒண்டையும் காணல்ல," என்றாள் சுல்பிகா, சோற்றைக் கிளறிப் பார்த்தபடி. "ஆனா நீங்க பொய் சொல்ற ஆளில்லயே. அடுத்த சனியும் போய் வடிவாத் தேடிப் பாக்கிறம். நீங்க சோத்த மட்டும் இப்பிடிக் குழைய விட்டுராதீங்க."