சின்னக் குடை

என் காது இனி எனக்குத்தான் என்று ஒரு நாள் முடிவு செய்தேன். கல்யாணமான பிறகு நான் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது. இரண்டாவது முடிவு எடுக்கும் துணிச்சல் இன்றுவரை வரவில்லை. ஏன் என்று கேட்டால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

என் மைத்துனன் குமரகுருபரன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஆவணியில் ஊருக்கு வந்தவன் அவன் அக்காவுக்கு ஒரு சேலையும் எனக்கு ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்தான். பெட்டிக்குள் மெல்லிய வயர். அதன் நுனியில் நிலக்கடலைப் பருப்பு அளவில் இரண்டு குமிழ்கள். அவற்றின் தலையில் மாட்ட ரப்பர் குடைகள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவுக்கு ஒரு ஜோடி. காதின் மேல் உட்காரும் சாதாரண இயர்போன் இல்லை இது, காதுக்குள்ளேயே போய்விடும், மேடையில் பாடுகிறவர்கள் போட்டுக்கொள்வது என்றான். அதோடு நிறுத்தாமல் விலையையும் சொன்னான். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் நாகசுரப் பைத்தியம். அதைவிடத் தவில் பைத்தியம். கோலால் அடிக்கிற தொப்பிப் பக்கத்து அடி வயிற்றுக்குள் வந்து இறங்க வேண்டும். வாக்மேனோடு வந்த பழைய இயர்போனில் அந்த அடி காதுமடலோடு திரும்பிப் போய்விடும். ஆகவே குமரகுருபரன் விமானம் ஏறியதும் நான் ஈசிச்சேரில் ஏறினேன். என்னைப் பற்றி எனக்கு எப்போதும் அடக்கமான எண்ணம் உண்டு. அதனால் சின்னக் குடைகளை எடுத்து மாட்டினேன்.

தவில் தகர டப்பாவாகக் கேட்டது. நாகசுரம் சீட்டியடித்தது. ஆனால் அடுக்களையில் தோசைக்கல் சீறுவது மட்டும் சுத்தமாகக் கேட்டது. இத்தனை விலை கொடுத்து மைத்துனன் ஏமாந்துவிட்டான் என்று முதலில் வருத்தப்பட்டேன். கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். அழுத்திப் பார்த்தேன். திருகிப் பார்த்தேன். கொட்டாவி விட்டதும் இரண்டும் கழன்று மடியில் விழுந்தன.

சண்முகசுந்தரி காப்பியோடு வந்தாள். என் மனைவி. பி.எஸ்ஸி. கணக்கு, மேலே பி.எட். நான் காதோடு மல்லுக்கு நின்ற நேரத்தில் பெட்டியிலிருந்த தாளை எடுத்து முழுவதும் வாசித்து முடித்திருந்தாள். சத்தம் மெலிந்து கேட்டால் குறை கருவியில் இல்லை, காது சரியாக அடைபடவில்லை என்று அதில் போட்டிருக்கிறதாம்.

“ரெண்டு காதும் ஒரே அளவுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? வலது காது ஒங்களுக்குப் பெரிசு.”

அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. வலது காதுக்குப் பெரிய குடை, இடது காதுக்கு நடுத்தரம் என்று எடுத்துப் போட்டாள். ரப்பரைத் தண்ணீர் தொட்டு லேசாக நனைத்தாள். ஒரு கையால் என் காதைப் பிடித்து மேலாகவும் பின்னாகவும் இழுத்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். பைய திருகி உள்ளே விட்டாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என் காதை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

நான் பாசனக் கால்வாய்களைப் பார்க்கும் அலுவலகத்தில் சூப்பிரண்டு. மதகுப் பலகை சரியாக உட்காரவில்லை என்றால் எப்படித் தண்ணீர் கசியும் என்று எழுதியே காலம் போனது. என் காதிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது. இடுக்கு வழியாகத் தவில் அத்தனையும் கசிந்திருக்கிறது. இப்போது பலகை இறங்கியது. தொப்பி அடி வயிற்றில் வந்து விழுந்தது. நாகசுரக்காரர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் எச்சில் விழுங்குவதும், என் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கேட்டன. முறுக்கைக் கடித்தேன், கல் குவாரியில் வெடி வைத்தது மாதிரி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால், சுந்தரியின் உதடுகள் அசைகின்றன. சத்தம் இல்லை.

அந்த வினாடியில்தான் முதல் வரியில் சொன்ன முடிவை எடுத்தேன். அலுவலகம் விட்டு வந்ததிலிருந்து சாப்பிடும் வரை மதகை அடைத்துவிடுவது. அவளும் தடுக்கவில்லை. காதழுக்கு சேர்ந்தால் சத்தம் மங்கிவிடும் என்று தாளில் இருப்பதாகச் சொல்லி, தினமும் ராத்திரி குடைகளைக் கழற்றி வெந்நீரில் கழுவித் துடைத்து வைத்தாள். இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள் என்று பூரித்துப் போயிருந்தேன்.

அந்த வாரம்தான் இன்னொன்றும் வந்தது. சுந்தரிக்கு வேலை உத்தரவு.

எங்களுக்குக் கல்யாணமான வருஷம் அவள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பி.எட்.டைப் பதிந்தாள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். முதல் தடவை நான் கூடப் போய் வரிசையில் நின்றேன். அடுத்த தடவை மகள் பிருந்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே போனாள். பிருந்தா இப்போது மதுரையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இப்போதுதான் முறை வந்திருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்து நாள் தவணை, அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

உத்தரவைக் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் போவதில் எனக்கு என்ன குறை என்று யாராவது கேட்டிருந்தால் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் யோசிக்க இவ்வளவு நேரம் பிடித்தது. உண்மையைச் சொன்னால், சாயங்காலக் காப்பியை யார் போடுவது என்பதைத் தாண்டி என் யோசனை நகரவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஆகவே அவள் பக்கத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் காதை மேலே இழுத்து, வாயைத் திறந்து, மதகை அடைத்தேன். அவள் பேச ஆரம்பித்தால் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தேன்.

மூன்று சாயங்காலம் வந்து நின்றாள். பிறகு வரவில்லை.

அவள் கேட்டுக்கொண்டிருந்த வரை எனக்குப் பயம் இல்லை. கேட்பதை நிறுத்தியதும் பயம் வந்தது. முகத்தில் கோபமும் இல்லை. தட்டில் சோறு வழக்கம்போல் விழுந்தது. இவள் என்னவோ திட்டம் போடுகிறாள். என்னவென்று தெரிய வேண்டும்.

அப்போதுதான் சின்னக் குடைகள் ஞாபகம் வந்தன. இசைக்கு உதவாத கசிவு இதற்கு உதவும் அல்லவா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சின்னக் குடைகளை மாட்டிக்கொண்டு, ஈசிச்சேரைப் பின்வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். கேசட்டை ஓட விடவில்லை. கண்ணை மூடி, ரசிப்பது போலத் தலையை மட்டும் ஆட்டினேன். துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் குட்டைச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சாலோமி டீச்சர் வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். இருவரும் தினமும் சாயங்காலம் சுவரோரம் பேசுவார்கள். அன்று தேங்காய் விலையையும் தண்ணீர் வராததையும் பேசிவிட்டுக் கலைந்தார்கள். ஒரு பிரயோஜனமும் இல்லை. இருந்தாலும் நான் சாமர்த்தியசாலி. பெரியதையும் நடுத்தரத்தையும் பழையபடி மாட்டித்தான் பெட்டியில் வைத்தேன். சுந்தரி வழக்கம்போல் பெட்டியை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள்.

புதன்கிழமை பலன் கிடைத்தது.

“சார் என்ன சொல்லுதாக?” என்று சாலோமி டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பைய பேச வேண்டாம் டீச்சர். காதை அடைச்சாச்சு. இடி விழுந்தாலும் இவுகளுக்குக் கேக்காது.” சுந்தரி ஈரச் சேலையை உதறும் சத்தம். “நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். வெள்ளிக்கிழம குலசைக்குப் போய் அம்மன்ட்ட நேந்துக்கிடலாம்னு நெனைக்கேன். இவுக மனசு மாறி, வேலைக்குப் போன்னு சொல்லிட்டாகன்னா, வார தசராவுக்கு இவுகளுக்கு வேசம் கட்டுதேன்னு.”

என் தலை ஒரு தாளம் தவறியது.

குலசை என்றால் குலசேகரன்பட்டினம். அங்கே தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாகவும் ராஜாவாகவும் போலீஸாகவும் வேடம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு போய்க் கோயிலில் செலுத்துவார்கள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் பக்தியோடு செய்வது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. என்ன வேடம் என்பதில்தான் கவலை. அதையே டீச்சரும் கேட்டார்.

“குரங்கு வேசம்.”

“சாருக்கா?”

சுவருக்கு மேலாக என்னை யாரோ அளவெடுப்பது போல இருந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

“பொருத்தமாத்தான் இருக்கும். வாலு உண்டா?”

“வாலு இல்லாம என்ன குரங்கு? மொதல்ல மார்க்கெட்டு. பொறவு இவுக ஆபீசு. அங்கன ஒவ்வொரு மேசையாப் போய்த் தட்டை நீட்டணும்லா.”

அலுவலகத்தை நினைத்துப் பார்த்தேன். பியூன் வேதமுத்து என்னைக் கண்டால் பீடியை மறைக்கிறவர். அவர் என் தட்டில் காசு போட்டுவிட்டு, என் வாலை ஒரு பார்வை பார்க்கிறார். மறுநாள் நான் அவரிடம் ஃபைல் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

“அதுக்கு முன்னாலயே சார் சரின்னு சொல்லிட்டாகன்னா?” என்று கேட்டார் டீச்சர். கர்த்தர் அவரை ஆசீர்வதிக்கட்டும்.

“அப்ப நேந்துக்கிட என்ன இருக்கு? வேசமும் இல்ல, வாலும் இல்ல. ஆனா இவுகளாவது, வெள்ளிக்கு முன்னால வாயத் தொறக்கதாவது.”

நான் நிதானமாக யோசித்தேன். அம்மனிடம் சொன்னதை மாற்றும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. எனக்கும்தான். இன்னொன்று, என்னை எனக்குத் தெரியும். இந்த வீட்டில் சுந்தரி கேட்ட எதையும் நான் கடைசிவரை மறுத்ததில்லை. ஒரு நாள் இழுப்பேன், ஒரு வாரம் இழுப்பேன், திங்கட்கிழமை காலையில் சரி என்று சொல்லிவிடுவேன். ஆக, சம்மதம் எப்படியும் என் வாயிலிருந்து போகத்தான் போகிறது. வாலோடு போகிறதா, வாலில்லாமல் போகிறதா என்பதுதான் கேள்வி.

உடனே எழுந்தால் சந்தேகம் வரும் என்று ராத்திரிச் சாப்பாடு வரை காத்திருந்தேன். இரண்டாவது தோசையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். படித்த பெண்கள் வீட்டில் அடைந்து கிடப்பது நாட்டுக்கு நஷ்டம் என்று தொடங்கி நீளமாகப் பேசினேன். தாமிரபரணித் தண்ணீரை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். தேக்கி வைத்தால் வயலுக்கு என்ன பயன் என்று கேட்டேன். நீ போய்ச் சேர், காப்பியை நான் போட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன்.

சுந்தரியின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது.

“நெசமாவா சொல்லுதீய?”

“சொன்னா சொன்னதுதான்.”

அவள் முகத்தை நான் அப்போது பார்த்தேன். ஜெயித்தவள் முகம் இல்லை அது. வருஷக்கணக்கில் நீண்ட ஒரு வரிசையில் நின்று, ஜன்னல் கம்பியைக் கையால் தொட்டுவிட்டவளின் முகம். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. நாட்டுக்கு நஷ்டம் என்று நான் சொன்னது பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அது கொஞ்சம் உண்மையாகிவிட்டது. கருகிய தோசையை நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். அதைப் பற்றி வேறெதுவும் சொல்வதற்கில்லை. பிறகு ஈசிச்சேரில் உட்கார்ந்து, ரப்பரை நனைத்து, காதை இழுத்து, வாயைத் திறந்து, முறைப்படி மாட்டினேன். அடைப்பு அத்தனை சுத்தமாக என்றும் விழுந்ததில்லை. தவில் வயிற்றில் இறங்கியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அடைத்து நிறுத்த வெளியே ஒரு சத்தமும் இல்லை. தோசைக்கல் இல்லை, சேலை உதறுவது இல்லை, யோசிச்சாச்சா என்று கேட்க ஆள் இல்லை. இடது பக்கத்தைக் கழற்றிவிட்டு, வாசல் கேட் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் வந்தாள். தலைமுடியில் சாக்பீஸ் தூள். ஏழாம் வகுப்பில் ஒருத்தி பின்னத்தைக் கண்டு அழுததையும், பஸ்ஸில் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து வந்ததையும் சொன்னாள். இரண்டு காதும் திறந்து வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டேன். பேசிக்கொண்டே, கை பழக்கத்தில் பெட்டியை எடுத்து வெந்நீர்க் கிண்ணத்தில் குடைகளைப் போட்டாள்.

அசதியோடு எதற்கு, நாளைக்குக் கழுவலாமே என்றேன். நான் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

“இருக்கட்டும். இன்னிக்குப் பெரிசும் நடுத்தரமும்லா அழுக்காயிருக்கு,” என்றாள். துணியால் ஒவ்வொன்றாக ஒற்றினாள். “போன செவ்வாயும் புதனும் இதுக ரெண்டும் போட்ட மேனிக்குச் சுத்தமா இருந்துச்சு. சின்னதுலதான் அழுக்கு.”

நான் கிண்ணத்தைப் பார்த்தேன். குலசைக்குப் போவதாகச் சொன்னாயே என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

“நேந்துக்கிடலாம்னு நெனைக்கேன்னுதானே சொன்னேன். அம்மன் பேரைச் சொல்லிப் பொய் பேசுவேனா?”

பெட்டியை மூடி என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். அடுக்களை வாசலில் திரும்பி நின்றாள்.

“நாளைக்கும் ஏதாச்சும் ஒட்டுக் கேக்கணும்னா சொல்லுங்க, சின்னதையும் கழுவி வைக்கேன்.”