சேஃப்டிக்குக் கொஞ்சம்

சிட்டிகை தேர்ந்தெடுத்த பம்பின் படத்தைப் பார்த்து மேனேஜர் சிரித்தார். பிறகு, "மிச்சம் எங்கே?" என்று கேட்டார்.

சிட்டிகை என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. எந்தக் கணக்கிலும் தேவைக்கு மேல் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்க மாட்டார் என்பதால் டிசைன் பிரிவில் வைத்த பெயர். உலை ஒன்றைக் குளிர்விக்கும் தண்ணீர்ச் சுற்றுக்கு அவர் பம்ப் பார்க்க வேண்டும். அது ஓடியதும் மனைவி இருக்கும் ஊரின் கிளைக்கு மாற்றல் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். பேசப் பழகும் மகள் கைபேசியைத்தான் அப்பா என்று நம்பிக்கொண்டிருந்தாள். சார்ஜ் தீர்ந்தால் அப்பா தூங்குகிறார் என்று போர்த்திவிடுகிறாளாம்.

"மூடின சுற்று சார்," என்று விளக்கினார் சிட்டிகை. "ராட்டினம் மாதிரி. ஏறுற தண்ணியை இறங்குற தண்ணியே தூக்கிவிடும். உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் அது பம்புக்குச் சுமை இல்ல. வெடிக்காம இருக்க உடம்பு தடிமனா இருக்கணும், அவ்வளவுதான். சுத்தி விடறதுக்குச் சின்ன மோட்டார் போதும்."

"உயர் அழுத்தம்னு தலைப்புலயே போட்டிருக்கு. அதுக்கு இத்தனூண்டு பம்பா? சேஃப்டிக்குக் கொஞ்சம் ஏத்துங்க."

ஏற்றினார். குழாய்ப் பிரிவுக்காரர் தன் பங்குக்குச் சேஃப்டிக்குக் கொஞ்சம் ஏற்றினார். கொள்முதல்காரர் இவர்கள் இருவரிடமும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம். பம்ப் கம்பெனிக்காரர் அந்த அளவு தங்களிடம் இல்லை, அடுத்த பெரிய அளவுதான் இருக்கிறது என்றார். திரும்பி வந்த படத்தில் மோட்டார் மட்டுமே பீரோ அளவுக்கு இருந்தது.

சிட்டிகை மூளையைக் கசக்கினார். எப்படியும் எல்லோரும் ஏற்றத்தான் போகிறார்கள்; தன் கணக்கைப் பாதியாக எழுதினால் ஏறி ஏறிச் சரியான இடத்தில் வந்து நிற்கும். பாதியாக எழுதினார்.

மேனேஜர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல எது நிஜம்?"

சிட்டிகை இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியலல்ல? அப்போ ரெண்டையும் கூட்டிடுங்க."

மேனேஜரே பயப்படுகிறார் என்ற செய்தி பரவி, மற்றவர்களும் ஆளுக்கு இன்னொரு கை அள்ளிப் போட்டார்கள்.

அந்தப் பம்ப் தள்ளும் வேகத்தில் குழாய்கள் ஆடிவிடும். எனவே சிட்டிகை ஒரு வால்வைப் போட்டு அதன் கழுத்தை நெரித்தார். கழுத்தை நெரித்தால் பம்பே தண்ணீரைச் சூடாக்கும் என்று கணக்கு காட்டியது. அந்தச் சூட்டைத் தணிக்கப் பெரிய குளிர்விப்பான் தேவைப்பட்டது. அதற்குள் தண்ணீர் நுழைந்து வர முக்க வேண்டியிருந்ததால், பம்ப் கம்பெனிக்காரர் மிகுந்த வருத்தத்தோடு அடுத்த அளவுக்குப் போகச் சொன்னார்.

அன்று மனைவி தொலைபேசியில் கேட்டாள். "எங்கப்பா கடைக்குப் போனாரு, மோட்டாரைத் தோள்ல போட்டுட்டு வந்தாரு. நீங்க ஒரு பம்ப் வாங்க இத்தனை நாளா?"

"அது கிணத்துக்கு. இது வேற."

"வேறதான். அது தண்ணி எடுத்துச்சு."

கடைசியில் பம்ப் அறைக்குள் பம்ப் நுழையாது என்று தெரிந்தது. அறையை இடிக்கலாமா, பம்பைக் குறைக்கலாமா என்று சிட்டிகை தயங்கித் தயங்கிக் கேட்டார். பம்பைக் குறைக்கும் பேச்சே கூடாது என்றும் இடத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லி, சோதனை ஓட்டத்தைக் கண்காணிக்க அவரைப் பம்ப் கம்பெனிக்கு விரட்டிவிட்டார் மேனேஜர்.

அவர் திரும்பியபோது விசாலமான புதுக் கூடத்தில் பம்ப் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஆள் நடக்க இடம் வேறு. இவ்வளவு இடம் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. இந்த ஆலையில் எதைக் கேட்டாலும் ஒன்று கூடிவிடும் என்பதை அவர் கற்றிருந்தார்.

பொத்தானை அழுத்தினார்கள். தரை அதிர்ந்தது. பம்பின் இரைச்சலில் உலையின் சத்தம்கூடக் கேட்கவில்லை. சிட்டிகை தண்ணீர்ச் சுற்றின் வெப்பமானியையே வெறித்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும்வரை முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"பாத்தீங்களா, பெருசா போட்டதோட பலனை?" என்று மேனேஜர் முதுகில் தட்டி, அங்கேயே நின்று மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

இத்தனை நாளும் தன் கணக்குதான் தப்போ என்றுகூடச் சிட்டிகைக்கு ஒரு கணம் தோன்றியது. நாளைக்கு வருகிறேன் என்று மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

"அப்போ போனை எங்கேயாவது ஒளிச்சு வெச்சிடறேன்," என்றாள்.

வாசலில் கிரேன் ஓட்டுநர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். யாரிடமாவது பெருமையடிக்காவிட்டால் சிட்டிகைக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"பாத்தீங்களாண்ணே, முள்ளு ஒரு நூல்கூட ஏறல."

கிரேன் ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கேருந்து சார் ஏறும்? இதுக்கு இடம் பத்தலைன்னு அந்த உலையைத்தானே கழட்டி லாரியில ஏத்தினோம். நீங்க மாறிப் போற கிளையிலதான் இறக்கியிருக்கு, அதுக்குப் பம்ப் பாக்க ஆள் வராருன்னு அங்க எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."