ஒன்பதாம் நம்பர் கொள்ளு

ஒரு காட்டில், அதுவும் வருகிறேன் என்று மின்னலிடம் சொல்லி அனுப்பிவிட்டு மழை வராமலே இருந்துவிடுகிற ஒரு முள்காட்டில், பொன்னுத்தாய் என்றொரு கௌதாரி இருந்தாள். கொள்ளில் புது ரகம் உருவாக்குவது அவள் உத்தியோகம். போன கோடையில் பசியால் முயல் வீடுகளில் குட்டிகள் செத்துப்போயின. அந்த அழுகை அவளுக்கு மறக்கவே இல்லை. வறட்சியிலும் காய்க்கிற, வாய்க்கும் ருசியான ஒரு ரகத்தை அடுத்த கோடைக்குள் காட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

செம்மண் மேட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, பாத்திக்கு ஒரு ரகம் விதைத்து, நம்பர் எழுதிய குச்சி நட்டாள். தண்ணீர் விடவில்லை. வாடுவது வாடட்டும், நிற்பது நிற்கட்டும், அதுதான் சோதனை. சுற்றிலும் இரண்டு ஓர வரிசை போட்டாள். ஓரத்துச் செடிக்கு இடம் தாராளம், அது கொழுத்து வளர்ந்து கணக்கைக் கெடுக்கும் என்பதால் ஓர வரிசையை யாரும் எடை போடுவதில்லை.

வேலி போடக் காட்டு நிர்வாகம் முள் அனுப்பியது. வந்த முள்ளையெல்லாம் வேலையாட்கள் பெயர்ப்பலகையைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். பலகை புதிது, அதில் ரகத் தேர்வுக் குழுத் தலைவர் சிறுத்தையார் பெயர் வேறு இருந்தது.

மழையில்லாமல் மண் காய்கிற காலத்திலும் நாலாம் நம்பர் காய்த்துக் குலுங்கியது. அதை முதலில் கவனித்தவன் சடையன் என்ற முயல். சுற்றத்தோடு வந்து காய், இலை, தண்டு என்று வழித்துத் துடைத்துவிட்டுப் போனான். பொன்னுத்தாய் இறக்கையை அடித்து விரட்டிப் பார்த்தாள். கௌதாரிக்கு முயல் பயப்படுமா? ஒன்பதாம் நம்பரை மட்டும் யாரும் தொடவில்லை. அது எட்டிக்காய்க் கசப்பு. கற்பூர வாசனை தெரியாது என்று ஊர் பழிக்கிற கழுதைகூட அதை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

தேர்வு நாளில் குழுத் தலைவர் சிறுத்தையார் தராசோடு வந்தார். பிறந்ததிலிருந்து ஒரு பயறுகூட வாயில் வைக்காதவர். பாரபட்சம் இருக்காது என்றுதான் அவரை நியமித்திருந்தார்கள். எடை போட்டதில் நாலாம் பாத்தியில் வெறும் குச்சி. ஒன்பதாம் பாத்தியில் மூட்டை.

பொன்னுத்தாய் தராசுக்கு முன்னால் வந்து நின்றாள். "அய்யா, நாலாம் நம்பரு ருசியா இருந்துச்சு, அதான் தின்னுட்டாக. ஒம்பதை ஒரு உசுரும் தொடல."

"காணாமப் போனதை எப்படிம்மா தராசுல வைக்க?" என்றார் சிறுத்தையார்.

இனிக் காடு முழுக்க ஒன்பதாம் நம்பர்தான் விதைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. பொன்னுத்தாய் மரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. விதைக்கென்று முன்பே எடுத்து வைத்த நாலாம் நம்பர் சுரைக்குடுக்கைகளில் பத்திரமாக இருந்தது. நேரே சிறுத்தையாரிடம் போய், வயல்களுக்கு வழக்கம்போல ஓர வரிசை போட்டுக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டாள். கணக்கில் வராத சமாசாரத்துக்கெல்லாம் என்னிடம் வராதே என்று அவர் கோபித்துக்கொண்டார். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்த கோடை வந்தது. நடு வயலெல்லாம் ஒன்பதாம் நம்பர், ஓரமெல்லாம் நாலாம் நம்பர். முயலும் மானும் மயிலும் ஓரத்தைத் தின்றே தேறிவிட்டன. ஒரு குட்டிகூடச் சாகவில்லை. களஞ்சியத்தில் குவித்த ஒன்பதாம் நம்பர் குவித்தபடியே கிடந்தது. தின்னத் தின்னக் குறையாத தானியம் என்று சிறுத்தையாருக்கு விழா எடுத்தார்கள், மாலை போட்டார்கள், 'பஞ்சம் தீர்த்தவர்' என்று பட்டமும் கொடுத்தார்கள். பொன்னுத்தாய் கடைசி வரிசையில் நின்று மனதாரக் கைதட்டினாள்.

சிறுத்தையார் பூரித்துப்போய், மேடை ஓரமாக நின்ற சடையனைக் கூப்பிட்டு, களஞ்சியம் மட்டும் எப்படி நிறைந்தே இருக்கிறது என்று விசாரித்தார்.

சடையன் தொந்தியைத் தடவிக்கொண்டே சொன்னான்: "மரியாதைதான் அய்யா. உங்க பேரு போட்ட பயிருல நாங்க வாய் வைப்போமா?"

நீதி: யாராலும் தின்ன முடியாததே அமோக விளைச்சல். தின்ன வேண்டியதை ஓரத்தில் விதைத்துக்கொள்.