விரலை எடுத்தால் மேலே வந்துவிடும்

விஞ்ஞானத்தில் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும். அதையும் தப்பாகத்தான் படித்தேன். ஆனால் தப்பாகப் படித்த அந்த ஒன்று எனக்கு ஞாபகம் இருக்கிற அளவுக்கு, ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அவர்கள் பாடம் ஞாபகம் இருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

என் படிப்பு ஐந்தாவது பாஸ். ஆறாவதில் சில மாதம் உட்கார்ந்தேன். அதைப் படிப்பில் சேர்க்கலாம் என்பது என் கட்சி. சேர்க்கக் கூடாது என்பது என் வீட்டில் மற்ற எல்லாருடைய கட்சி.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். அங்கே ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் பக்கம் போக வேண்டும். எங்கள் தெருவில் அதுவரைக்கும் அப்படிப் போனவர்கள் யாரும் இல்லை. அம்மாதான் பிடிவாதமாக என்னைச் சேர்த்துவிட்டாள். அப்பாவுக்கு (நாங்கள் நைனா என்போம்) இதில் பெரிய நம்பிக்கை இல்லை. காரணம் படிப்பு இல்லை, நான்தான்.

நான் அப்படி ஒரு கூச்சப் பிறவி. யாராவது பெயரைக் கேட்டால் என் சட்டைப் பொத்தானைப் பார்த்து அதனிடம் பதில் சொல்வேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்ல வராது; கையை மட்டும் தூக்குவேன். அது தெரியாமல் முதல் வாரம் முழுக்க எனக்கு ஆப்சென்ட் விழுந்தது.

“வாயே தொறக்காதவனுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய படிப்பு?” என்பார் நைனா. “மீனு கூட வாயத் தொறக்குது.”

கடைசியில் அம்மாவும் அவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் தினம் வருகிறது. நைனா நேரில் வந்து பார்ப்பார். நாலு பேருக்கு முன்னால் நான் வாயைத் திறந்து பேசினால் மேலே படிக்கலாம். பேசாவிட்டால் மறுநாளே கட்டுமரத்தில் ஏற வேண்டும்.

எனக்குப் படிக்கத்தான் ஆசை. முக்கியமாக விஞ்ஞானம். இந்திராணி டீச்சர் அதை நடத்துவார்கள். செங்கல்பட்டிலிருந்து தினம் வந்து போகிறவர்கள். ஒருநாள் இரண்டு கண்ணாடி ஜாடி கொண்டுவந்தார்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். அதில் ஒரு கோழிமுட்டையைப் போட்டார்கள். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இன்னொன்றில் கைப்பிடி கைப்பிடியாக உப்பைக் கொட்டிக் கலக்கி அதே முட்டையைப் போட்டார்கள். மிதந்தது! எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. உப்புத் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம், அதனால் முட்டையைத் தாங்குகிறது என்றார்கள்.

“பெற்றோர் தினத்தன்னைக்கு இதை யார் செஞ்சு காட்டுறீங்க?”

அப்போது ஒரு குரல் கேட்டது. அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. “டீச்சர், உப்ப ஏன் வேஸ்ட் பண்ணணும்? எங்க வூட்டாண்ட கடலே கீது.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அட, கடல் தண்ணியிலேயே செய்யலாமே! இயற்கையே நமக்கு லேபரட்டரி! ஏழுமலை, நீயே செய்.”

(டீச்சர் நல்லவர்கள். ஆனால் கடலில் முட்டை போட்டுப் பார்த்தவர்கள் இல்லை.)

அன்றிலிருந்து மூன்று நாள் நான் விஞ்ஞானி. நடையே மாறிவிட்டது. கடலைப் பார்க்கும்போதே ‘இது நம்ம சரக்கு’ என்று ஒரு மிதப்பு. உலகத்திலேயே உப்பான தண்ணீர் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது. கடையில் உப்பு வாங்குகிற ஊர்க்காரப் பையன்கள் என்ன செய்வார்கள்? கிணற்றுத் தண்ணீரில் முட்டை மூழ்குவதைத்தான் வகுப்பிலேயே பார்த்தாகிவிட்டது. கடல் தண்ணீர்ச் சோதனையை மட்டும் ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று, பெற்றோர் தினத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு குண்டானில் கடல் தண்ணீர் மொண்டு வந்து, அம்மா அடுப்படியில் வைத்திருந்த முட்டையைப் போட்டேன்.

மூழ்கியது.

இன்னொரு முட்டை. அதுவும் மூழ்கியது. ஆழத்துத் தண்ணீர்தான் அசல் உப்பு என்று இடுப்பளவு இறங்கிப் போய் மொண்டு வந்தேன். மூழ்கியது. குண்டானின் அடியில் இரண்டு முட்டையும் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தன.

நியாயமான ஆளாக இருந்தால் கடல் தண்ணீரில் உப்பு போதவில்லை என்று யோசித்திருப்பான். நான் கடற்கரைக்காரன். எங்கள் கடலில் உப்பு கம்மி என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் முட்டைதான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். வேறு முட்டை எங்கே? வீட்டு மூலையில், கூடையில், அடைகாத்துக்கொண்டிருந்த எங்கள் கருப்புக் கோழிக்கு அடியில் ஒன்பது முட்டை இருந்தது. கையில் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு ஒன்றை உருவினேன். தண்ணீரில் போட்டேன்.

ஜம்மென்று மிதந்தது!

அந்த முட்டை எத்தனை நாளாக அடையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியும். இன்னும் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும் என்று அம்மா காலையில்தான் சொல்லியிருந்தாள். அடைமுட்டை மிதக்கும் என்பதும் எங்கள் குப்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அது கோழி சமாசாரம். இது விஞ்ஞானம். இரண்டும் வேறு வேறு பாடம் என்று நினைத்தேன். புத்தகத்தில் ‘முட்டை’ என்று மட்டும்தானே போட்டிருந்தது? முட்டையைத் திரும்பவும் கோழிக்கு அடியில் வைத்துவிட்டு, அதன் மேல் கரியால் ஒரு புள்ளியும் வைத்தேன். காலையில் எடுத்துக்கொண்டு போய், சாயங்காலம் திரும்ப வைத்துவிட்டால் போயிற்று. கோழிக்கு எண்ணத் தெரியுமா என்ன?

மறுநாள் பஸ்ஸில் ஒரு கையில் கடல் தண்ணீர்க் குடம். முட்டை உடையாமல் இருக்க, துணியில் சுற்றி அரைஞாணில் கட்டி, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தேன். கண்டக்டர் குடத்தை எட்டிப் பார்த்தார்.

“இன்னாடா இது, பாலா?”

“கடல் தண்ணிங்க.”

“ஏன், போற எடத்துல ஊறுகா போடப் போறியா?”

பஸ்ஸே சிரித்தது. நான் பொத்தானைப் பார்த்துக்கொண்டேன். (அப்போது எனக்குத் தெரியாது: என் வயிற்றுச் சூட்டில், அந்தக் கருப்புக் கோழிக்குப் பதிலாக நான்தான் அடைகாத்துக்கொண்டு போனேன்.)

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். செங்கல்பட்டிலிருந்து கல்வி அதிகாரி வந்திருந்தார். கோட்டு, கண்ணாடி, கையில் ஒரு சின்ன நோட்டு. முன்வரிசையில் இந்திராணி டீச்சர். பின்னால் பெற்றோர்கள். நைனா கடன் வாங்கிய சட்டையில், கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு, மூச்சுவிடக் கஷ்டப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மாவும் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேரும். குடமும் ஜாடிகளும் காலையிலிருந்து வெயிலில் நின்றதில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது.

என் முறை வந்தது. மனப்பாடம் செய்திருந்ததை ஆரம்பித்தேன்.

“இது நல்ல தண்ணீர். இதில் முட்டை மூழ்கும்.”

முட்டையைப் போட்டேன். மிதந்தது.

நல்ல தண்ணீரில் இதைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று முதல் நாள் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பாடத்தில் மூழ்கும் என்று இருக்கிறது. எனவே ஆள்காட்டி விரலை ஜாடிக்குள் விட்டு முட்டையை அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மூழ்கிவிட்டது” என்றேன்.

அதிகாரி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, விரலை எடு.”

“எடுத்தா மேல வந்துடும் சார்.”

பந்தலில் முதல் சிரிப்பு அங்கேதான் கிளம்பியது. அதிகாரி என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினார். முட்டை ‘ப்ளக்’ என்று மேலே வந்து, கரிப்புள்ளியை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நின்றது. டீச்சர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவசரமாக முட்டையை எடுத்துக் கடல் தண்ணீர் ஜாடியில் போட்டேன்.

“இது கடல் நீர். இதில் முட்டை மிதக்கும்.”

மிதந்தது. யாரும் கை தட்டவில்லை.

“அதுலயும் மிதக்குது, இதுலயும் மிதக்குது” என்றார் அதிகாரி. “அப்புறம் என்னப்பா வித்தியாசம்?”

அந்த நேரத்தில்தான் முட்டை ஆடியது. ஜாடியை யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை. முட்டை தானாக ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறு பக்கம் வெட்டி இழுத்தது. அதிகாரி இரண்டு அடி பின்னால் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முட்டை மறுபடி ஆடியது. உள்ளேயிருந்து மெலிசாக ஒரு ‘கீச்’.

“என்னப்பா இது? ஏன் ஆடுது?”

நைனா என்னையே பார்க்கிறார். பேசாவிட்டால் கட்டுமரம். மனப்பாடம் செய்ததில் அடர்த்தி போய்விட்டது, தாங்குவது போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

“உப்பு சார்!”

அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் முதலில் தனியாகக் கேட்டது அம்மாவின் குரல்.

“அடப்பாவி! அது என் அடமுட்டடா!”

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள். ஜாடிக்குள் கையைவிட்டு முட்டையை எடுத்து, முந்தானையில் துடைத்து, காதில் வைத்துக் கேட்டாள். “நல்லாத்தான் கீது. பொயச்சிகிச்சி.” பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். “இன்னா சார் இது, அடைல கீற முட்டய எடுத்துகினு வந்து தண்ணில அமுக்குறதுதான் படிப்பா?”

“அம்மா, அது எப்படி ஆடுச்சு?” என்றார் அவர், பயம் இன்னும் முழுசாகத் தெளியாமல்.

“உள்ள குஞ்சு கீது, ஆடாம இன்னா பண்ணும்? பொரிக்கறதுக்கு முன்னாடி வெதவெதன்னு தண்ணில உட்டுப் பாப்போம் சார். உசுரு கீறது ஆடும். கூமுட்ட சும்மா கெடக்கும். இது கூடவா தெரியாது?”

தெருப் பெண்கள் “ஆமா சார், ஆமா சார்” என்றார்கள். அதிகாரி நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். அன்றைக்கு அந்தப் பந்தலில் புதிதாக விஞ்ஞானம் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா முட்டையை மடியில் பொத்தி வைத்துக்கொண்டு வந்தாள். நைனா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் அப்படிக் குலுங்கியது. கடன் வாங்கிய சட்டையின் கழுத்துப் பொத்தான் தெறித்து விழுந்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

“பேசிட்டடா” என்றார். “நாலு பேரு இன்னா, நானூறு பேரு முன்னாடி பேசிட்ட. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். படி.”

ஜெயித்துவிட்டேன். ஒப்பந்தப்படி நான் படிக்கலாம். யாரும் தடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனேன். மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த பையன்கள் என்னைப் பார்த்ததும் ஒரே குரலில், “உப்பு சார்! வணக்கம் உப்பு சார்!” என்றார்கள். ஒருவன் கோழி மாதிரி கொக்கரித்தான். அவ்வளவுதான். அப்படியே திரும்பி அடுத்த பஸ் பிடித்தேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பஸ் ஏறவே இல்லை. கரையில் காயப்போட்டிருந்த கட்டுமரங்களுக்கு நடுவில் பையோடு படுத்துக்கிடந்தேன். மூன்றாம் நாள் நைனா கண்டுபிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “போடா, நான் கூட வந்து உட்டுட்டு வர்றேன்” என்று கெஞ்சினார். நான் பொத்தானைப் பார்த்து, “கடலுக்கு வர்றேன் நைனா” என்றேன். இந்திராணி டீச்சர்கூட ஒருநாள் குப்பத்துக்கே தேடிக்கொண்டு வந்தார்கள். நான் வலைக்குள் ஒளிந்துகொண்டேன். வறுமையால் படிப்பை விட்டவர்கள் உண்டு. நான் ஒரு முட்டைக்கு வெட்கப்பட்டு விட்டவன். இதை யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்க முடிந்ததும் இல்லை.

குஞ்சு பொரித்தது. ஒன்பதில் அதுதான் முதலில் வெளியே வந்தது என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள்.

என் மகள் பிறகு செங்கல்பட்டில் காலேஜில் விஞ்ஞானம் படித்தாள். ஒருநாள் சமையலறையில் கடல் தண்ணீரும் முட்டையும் வைத்து எனக்குச் செய்து காட்டினாள். எங்கள் கடல் தண்ணீரில் இன்னும் சில கைப்பிடி உப்பைப் போட்டதும் முட்டை மிதந்தது. ஆக, கொள்கையில் நான் தப்பில்லை. சில கைப்பிடி குறைந்துவிட்டது, அவ்வளவே. இதை நான் சொன்னால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. கரண்ட் போனாலும் சரி, ஸ்கூட்டர் கிளம்பாவிட்டாலும் சரி, எது எதனால் என்று தெரியாவிட்டால் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: “உப்பு சார்.” பேரன் பேசக் கற்றுக்கொண்ட முதல் பத்து வார்த்தைகளில் இதுவும் ஒன்று.

போன வருஷம் தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் போனேன். மனைவியும் மகளும் கூட வந்தார்கள். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கே. கருவாடு, ஊறுகாய்னு வெளுத்துக் கட்டுறீங்களா? எதனால இப்படி ஏறுதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

“உப்பு சார்!”

“கரெக்ட்” என்றார் டாக்டர். இவர்கள் எதற்கு இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு மட்டும் பெருமையாக இருந்தது. நாற்பது வருஷம் கழித்து, படித்த மனிதர் ஒருவர் என் விடைக்குச் சரி போட்டிருக்கிறார்.